காட்டைப் பற்றி யார், யாரிடம் சொல்வது?

பாவநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. அணை நிரம்பினால் எத்தனை அடி என்று சொல்லும் இந்த மூன்று எண்ணும் நெல்லைச் சீமையில் வயல் வைத்திருப்பவருக்கு மனப்பாடம். இன்றைய மட்டம் என்ன என்று பேப்பரில் பார்த்த பிறகுதான் மற்ற செய்திக்குப் போவார். அவரையே அணைகளுக்கு மேலேயுள்ள முண்டந்துறைக் காட்டுக்கு அழைத்துப்போய், "இங்கே இத்தனை வகைப் பாலூட்டி, இத்தனை வகைப் பறவை" என்று ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் வண்டி எப்போது திரும்பும் என்று கேட்பார். அவருக்குக் காட்டின்மேல் அக்கறை இல்லை என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அணைகளுக்கு மேலே சோலையும் புல்வெளியும் பிடித்துவைத்துக் கசியவிடும் தண்ணீரை நம்பித்தான் கார், பிசானம் என்று இரண்டு போகமும் அவர் நடுகிறார். பேச்சு அவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கவில்லை, அதுதான் கோளாறு.

1957இல் அமெரிக்கரான ஃப்ரீமன் டில்டன், பூங்காக்களில் விளக்கம் சொல்லும் தொழிலுக்கு ஆறு விதிகள் வகுத்தார். கேட்பவரின் வாழ்க்கையோடு ஒட்டாத விளக்கம் மலட்டு விளக்கம் என்பது அதில் முதல் விதி. தகவல் வேறு, விளக்கம் வேறு என்பது அடுத்தது. "இந்த மரத்தின் பெயர் வெடிப்பலா" என்பது தகவல். "இது காய்க்காத ஆண்டில் சிங்கவால் குரங்குக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டு, காய்ந்த தோட்டைக் கையில் கொடுத்து யோசிக்க வைப்பது விளக்கம்.

பூங்கா என்றேன், அதனால் ஒரு சட்டக் குறிப்பு. தமிழ்நாட்டில் தேசியப் பூங்கா என்ற தகுதி பெற்றவை ஐந்துதான். அவற்றில் நெல்லைக்குப் பக்கம் என்றால் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, 21 தீவுகள் கொண்டது. நம் மலையில் இருப்பது புலிகள் காப்பகம். 1962இல் வந்த முண்டந்துறை சரணாலயத்தையும் 1976இல் வந்த களக்காடு சரணாலயத்தையும் இணைத்து, 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக ஆக்கினார்கள். பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர். பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: பொதுச் சொத்தாகக் காக்கப்படும் இந்தக் காடு யாருக்கெல்லாம் தன்னுடையதாகத் தோன்றுகிறது?

"எல்லோரையும் உள்ளடக்குவது" என்றதும் பூங்காவுக்கே வராதவர்களைக் கூட்டிவருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மேல்நாட்டுப் பூங்காக்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். இங்கே மக்கள் ஏற்கெனவே காட்டுக்குள் இருக்கிறார்கள். காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளேயே இருக்கின்றன. அடிவாரத்தில் ஆடு மாடு மேய்த்தவர்கள், தலைச்சுமையாக விறகு எடுத்து விற்ற பெண்கள், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனாரிடம் வரும் பெருங்கூட்டம், எஸ்டேட்டில் தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் என்று எல்லாருக்கும் காடு பழக்கமான இடம். காட்டைப் பற்றிப் பேசும் உரிமைதான் இவர்கள் யாரிடமும் இல்லை. பலகை எழுதுபவர் ஒருவர், படிப்பவர் காரில் வரும் சுற்றுலாப் பயணி. அந்த ஏற்பாட்டை மாற்றாமல் சக்கர நாற்காலிப் பாதை மட்டும் போட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1916இல் பூங்காக்களுக்கென்று தனித் துறை வரும் முன், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி, செக்வோயா பூங்காக்களை ராணுவக் குதிரைப்படை காவல் காத்தது. கறுப்பினப் படைவீரர்களும் அதில் இருந்தார்கள். 1903இல் செக்வோயாவின் பெருமரக் காட்டுக்கு வண்டிப்பாதை போட்டு முடித்தது அவர்கள்தான். வெகுகாலம் பூங்காவில் யாரும் இதைச் சொல்லவில்லை. பிறகு யோசெமிட்டியில் ஒரு கறுப்பின வனக்காவலர் அந்தப் படைவீரரின் உடுப்பிலேயே நின்று சொல்லத் தொடங்கினார். கேட்க வந்த கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்த மலையில் தங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது அப்போதுதான் தெரிந்தது. நம் பக்கம் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட் இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். கூலி உயர்வு கேட்ட அதன் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நடந்த ஊர்வலம் போலீஸ் தடியடியில் கலைந்து, தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். மாஞ்சோலைக்கு ஒரு விளக்கப் பலகை வைத்து, அதில் மேகமும் குரங்கும் மட்டும் இருந்து, தேயிலையை நட்ட கைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டால் அந்தப் பலகை பொய் சொல்லவில்லைதான். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளை மட்டும் வெளியே நிறுத்திவிடுகிறது.

சொரிமுத்து அய்யனார் சன்னதியில்

காப்பகத்துக்குள் ஆண்டில் மிகப் பெரிய கூட்டம் சேர்வது ஆடி அமாவாசைக்கு. ஆனால் விளக்கப் பணி என்றால் நாம் நினைப்பது பள்ளிப் பிள்ளைகளையும் சுற்றுலாப் பயணிகளையும்தான். பக்தர்கள் "கட்டுப்படுத்த வேண்டிய கூட்டம்" என்ற தலைப்பில் போய்விடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒலிபெருக்கியில் தடை அறிவிப்பு: பிளாஸ்டிக் கொண்டுவராதே, ஆற்றில் துணி விடாதே, சோப்பு போடாதே. தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. காரணம் சொல்லாத தடை, காவலர் தலை திரும்பும்வரைதான் நிற்கும்.

துணி விடுவதையே பாருங்கள். உடுத்த துணியோடு தோஷமும் போகும் என்ற நம்பிக்கையில்தான் பாவநாசம் படித்துறையில் விடுகிறார்கள். "ஆறு அசுத்தமாகிறது" என்ற வாக்கியம் அந்த நம்பிக்கையைத் தொடவே இல்லை. துணியை எங்காவது விட்டாக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எனவே படித்துறையில் இறங்கும் வழியிலேயே, குளித்து ஏறியதும் கைக்கு எட்டும் இடத்தில், கல்தொட்டியோ கூடையோ வைத்து "துணியை இங்கே விடவும்" என்று எழுத வேண்டும். பத்தடி தள்ளி வைத்தால் யாரும் ஈரத்துணியோடு நடக்க மாட்டார்கள். அருகில் ஒரு ஆள் நிற்க வேண்டும். சீருடை இல்லாதவராக இருந்தால் நல்லது. அவர் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்: "இந்தத் தண்ணிதான் தூத்துக்குடி வரைக்கும் குடிதண்ணியாப் போகுது. துணி அடியில போய்ப் பாறையில சுத்திக்கிட்டா எடுக்க முடியாது."

கோயிலில் இன்னொரு வாசலும் இருக்கிறது. அங்குள்ள பட்டவராயன், பிராமணக் குடும்பத்தில் பிறந்து, தோல் தைக்கும் குடியின் இரண்டு பெண்களை மணந்து, அந்தத் தொழிலையே ஏற்று, மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவர் என்பது வழிவழி வரும் கதை. பக்தர்கள் இன்றும் அவருக்குச் செருப்பு காணிக்கை வைக்கிறார்கள். சாதியைத் தாண்டியவர், மாட்டையும் மேய்ச்சலையும் காத்தவர், காட்டுக்குள் தெய்வமாகி நிற்கிறார். இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எந்த விளக்க மையத்திலும் கிடைக்காது. விடிய விடியக் கேட்கும் வில்லுப்பாட்டில் பத்து நிமிடம் ஆற்றுக்கும் மேய்ச்சலுக்கும் ஒதுக்கலாம். ஒரு நிபந்தனை: பாட்டை அலுவலகத்தில் எழுதிக் கையில் கொடுக்கக் கூடாது. விழிப்புணர்வுப் பாட்டு என்று தெரிந்த கணத்தில் ஆட்கள் டீ குடிக்க எழுந்துவிடுவார்கள். ஆற்றில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் புலவரிடம் முன்கூட்டியே காட்டிவிட்டு, எங்கே எப்படி நுழைப்பது என்பதை அவரிடமே விட வேண்டும்.

காணிக்காரர்: வழிகாட்டியா, காட்சிப்பொருளா?

காணிக்காரர்களில் பலர் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வேலை செய்கிறார்கள். தடம் பார்ப்பது, வாசனை பிடிப்பது, குரங்கின் அபாயக் குரலை வைத்துச் சிறுத்தை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வது எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் நடைப்பயணத்தில் அதிகாரி பேசுவார், காணி பின்னால் அரிவாளோடு பாதை வெட்டுவார். வரிசையை மாற்ற வேண்டும்: காணி முன்னால், பேச்சும் அவருடையது, மொழி தடுமாறும் இடத்தில் மட்டும் மற்றவர் துணை. பயிற்சியின்போது ஆங்கில விலங்குப் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னால் அவர் பேச்சு செத்துவிடும். மிளா, காட்டி, கேளையாடு, கருமந்தி என்றே அவர் சொல்லட்டும்.

கூடவே மூன்று கண்டிப்பு. குடியிருப்பு ஒருபோதும் "அடுத்த நிறுத்தம்" ஆகக் கூடாது. மூட்டுக்காணி என்ற ஊர்த்தலைவரும் ஊரும் கூடி அழைத்தால் மட்டும் போகலாம், அப்போதும் வீட்டையும் குழந்தைகளையும் படம் எடுக்கக் கூடாது. கூலி நடை முடிந்த அன்றே கைக்கு வர வேண்டும். மூன்று மாதம் கழித்து வரும் மதிப்பூதியத்துக்காக யாரும் மிளகுக் கொடியை விட்டுவிட்டு வரமாட்டார்கள். மூன்றாவது, மருந்துச் செடிகளைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதைப் பயணிகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1987இல் மலையின் கேரளப் பக்கத்துக் காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து ஒரு மருந்து உருவானது. உரிமத் தொகையில் பாதியைச் சமூகத்துக்குக் கொடுக்கும் ஏற்பாட்டுக்காக அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஒரு செடியின் பெயருக்கு அவ்வளவு விலை இருக்கும்போது அதைப் பயணிகளின் கைப்பேசிப் பதிவுக்கு இலவசமாகத் தருவது நியாயமில்லை.

ஒரு நாள் கூலி என்ற நுழைவுச்சீட்டு

அம்பாசமுத்திரம், கடையம், முக்கூடல், மேலப்பாளையம் வட்டாரத்தில் பெண்கள் பெரும்பாலும் பீடி சுற்றுகிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. நுழைவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாலும் ஒரு நாள் காட்டுக்கு வந்தால் அந்த நாளின் பீடி போகும். அதுதான் உண்மையான கட்டணம். ஞாயிறு வைக்க வேண்டும், அல்லது காலை பத்துக்குக் கிளம்பி இரண்டுக்குள் வீடு திரும்பும் அரைநாள் நடை வைக்க வேண்டும். முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையத்துப் பெண்களுக்கு வெள்ளிக்கிழமை ஆகாது; வழிகாட்டி பெண்ணாக இருந்தால் வருகை கூடும். சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று அழைப்பிலேயே எழுதுங்கள். அது தெரியாத பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், பிறகு ஏற்றத்தில் மயக்கம் வருகிறது.

இவர்களிடம் எங்கிருந்து தொடங்குவது? மடியில் இருக்கும் இலையிலிருந்து. பீடி இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருவது. அங்கே அதைப் பறிப்பவர்களும் பெரும்பாலும் வெயிலில் நிற்கும் ஏழைப் பெண்கள்தான். பத்து விரலும் தினமும் ஒரு காட்டைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று சொன்ன பிறகு நம் மலையைப் பற்றிப் பேசினால் கேள்விகள் தானாக வரும்.

யானையும் பன்றியும் இறங்கும் அடிவார ஊர்களில் தொடக்கமே வேறு. வாழை போனவரிடம் யானையின் அழகைப் பேசினால் கூட்டம் அங்கேயே முடிந்தது. முதல் இருபது நிமிடம் அவர்கள் பேச வேண்டும், வந்தவர் குறிப்பெடுக்க வேண்டும். இழப்பீட்டு விண்ணப்பப் படிவமும், என்னென்ன தாள் சேர்க்க வேண்டும் என்று தெரிந்த ஆளும் கூடவே வர வேண்டும். அதன்பின் ஆரம்பிக்கலாம்: "அண்ணாச்சி, இன்னைக்குப் பாவநாசம் எத்தனை அடின்னு பாத்தியளா? மழை நின்னு பத்து நாளாச்சு, பெறவும் தண்ணி வருதே, எங்கேயிருந்து வருது?"

கூட்டம் எந்த இடத்தில் என்பதும் முக்கியம். ஒரு தெருவின் கோயில் மண்டபத்தில் வைத்தால் அடுத்த தெருக்காரர் வரமாட்டார். "ஊர்மக்கள் கலந்துகொண்டனர்" என்று அறிக்கை மட்டும் போகும். 1990களின் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் அமைந்த கிராம வனக்குழுக்களுக்கும் இதே சோதனை உண்டு. பள்ளிக்கூடம், நூலகம், ரேஷன் கடை முன்திடல் போன்ற பொது இடம்தான் சரி. மாணவர் நடையிலும் இது வரும். "குழுவாகப் பிரிந்துகொள்ளுங்கள்" என்று விட்டால் பிள்ளைகள் ஊர், தெரு பார்த்துப் பிரிவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லி எண்ணின்படி பிரியுங்கள். ஒரு குழுவுக்கு ஒரே தொலைநோக்கி, ஒரே குறிப்பேடு, ஒரே தண்ணீர்க் குடம். கையில் சாதிக் கயிறு இருக்கிறதா என்று சோதனை போட்டுச் சங்கடப்படுத்துவதைவிட இது மேல்.

மலையின் உச்சியிலேயே ஒரு பழைய விலக்கு இருந்தது. சுமார் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைக்குக் கேரளப் பக்கத்திலிருந்து போகும் நடையில் பெண்களை உச்சிவரை விட்டதில்லை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள்.

கண்ணும் காதும் காலும்

பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் வந்துவிட்டன. ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் காடு அந்தப் பிள்ளைகளுக்காக என்ன வைத்திருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

பார்வையற்ற மாணவருக்குத் தடம் நல்ல பாடம். ஈரமண்ணில் தெளிவாகப் பதிந்த தடத்தைச் சுற்றி அட்டை வளையம் வைத்து, இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று கலக்கி ஊற்ற வேண்டும். தண்ணீரில் தூளைத் தூவிக் கலக்க வேண்டும். தூளில் தண்ணீர் ஊற்றினால் கட்டி விழும். அரைமணி நேரத்தில் எடுக்கலாம், ஆனால் கெட்டிப்பட ஒரு நாள் ஆகும்; அதற்குள் கைமாற்றினால் விரல் நுனி உடையும். கிடைப்பது மேடாக இருக்கும், மண்ணில் இருந்தது பள்ளம். இதைச் சொல்லாமல் கொடுத்தால் பிள்ளை தடத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும். அதிலிருந்து இன்னொரு வார்ப்பு எடுத்துப் பள்ளத்தையும் சேர்த்துக் கொடுங்கள். யானைக்கு ஒரு கயிறு போதும்: முன்னங்கால் தடத்தைச் சுற்றி அளந்து அதை இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய யானையின் தோள் உயரம். அந்தக் கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்துப் பிள்ளையின் கையை உச்சிவரை கொண்டுபோனால் எந்தப் படமும் தராத யானை கிடைக்கும். வழிகாட்டி முந்தைய நாளே பாதை நெடுக நடந்து காஞ்சொறி இருக்கும் இடங்களைக் குறித்துவைக்க வேண்டும். தொட்டுப் பார்க்கச் சொல்லும் நடையில் இதை மறந்தால் ஒரு பிள்ளையின் கை அன்று முழுக்க எரியும்.

காதுகேளாத மாணவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் நடக்கும்போது பேசுவது வீண். நின்று, சூரியன் பேசுபவர் முகத்தில் விழும்படி நிற்க வேண்டும். முதுகுப் பக்கம் வெளிச்சம் இருந்தால் கையும் முகமும் கறுப்பாகத் தெரியும். முதலில் காட்டு, பிறகு சொல். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் அவர்கள் பறவையைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா?

சக்கர நாற்காலிக்குப் பாதை அகலம் 120 சென்டிமீட்டராவது, சாய்வு 12க்கு 1க்குள். 15 சென்டிமீட்டர் படியை ஏற 180 சென்டிமீட்டர் சரிவு வேண்டும் என்று பொருள். சிமெண்டுச் சரிவு சரியாக இருக்கும், அதற்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே ஜல்லி கொட்டியிருப்பார்கள். இதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

பலகைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒன்றில் ஐம்பது சொல்லுக்கு மேல் வேண்டாம், ஆட்கள் நிற்பது அரை நிமிடம். தமிழுக்கு வரி இடைவெளி தாராளமாக விடுங்கள். ஆங்கிலத்துக்கு வடிவமைத்த பலகையில் தமிழை நெருக்கினால் கொம்பும் சுழியும் ஒட்டிக்கொள்ளும். ஃபிளெக்ஸ் ஒரு கோடைக்குத் தாங்காது, குரங்கும் கிழிக்கும். ஊர்க் கல்தச்சரிடம் கல்லில் வெட்டிக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும், விரலால் தடவிப் படிக்கவும் உதவும். மலையாளத்திலும் ஒரு வரி இருக்கட்டும்.

ஒரு நடைக்கு 12 முதல் 15 பேர், ஒன்றரை கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஐந்தாறு நிறுத்தம். இதற்குமேல் போனால் கடைசியில் நடக்கும் பாட்டிக்கு ஒன்றும் கேட்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் அட்டையும்; பிப்ரவரி பாதிக்கு மேல் காட்டுத்தீ பயம், மார்ச்சில் பொதுத்தேர்வு. பள்ளி ஆண்டின் பின்பாதியில் அரசுப் பள்ளிக்கு மிஞ்சுவது ஜனவரியும் பிப்ரவரி முன்பாதியும். தனியார் பள்ளிகள் ஜூனிலேயே அந்த நாட்களைப் பதிவு செய்துவிடுகின்றன, அதனால் பாதி நாட்களை அரசுப் பள்ளிகளுக்கும் விடுதி மாணவர்களுக்கும் முன்பே ஒதுக்கிவைக்க வேண்டும்.

நாள் கிடைக்காதவர்களைக் கூந்தன்குளத்துக்கு அனுப்பலாம். 1994இல் சரணாலயமான, சுமார் 129 ஹெக்டேர் பரப்புள்ள குளம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இப்போது இருக்கிறது. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு உரமாகிறது. ஏற்றமில்லை, தார்ச்சாலை போகிறது, கட்டைச்சுவர் ஓரமே நாற்காலியை நிறுத்தலாம். எந்த மரத்தில் எத்தனை கூடு என்று அங்குள்ள பெரியவர்களே சொல்லட்டும், ஆசிரியர் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாகப் பதிவேடு. வந்தவர் எத்தனை பேர் என்ற ஒரே எண் எதையும் காட்டாது. ஊர், பேருந்தில் வந்தாரா சொந்த வண்டியிலா, ஆணா பெண்ணா, வயது, முதல் முறையா என்று ஐந்து பத்தி போதும். சாதி கேட்க வேண்டாம். எந்தெந்தத் தெருவில் அழைப்புக் கொடுத்தோம் என்பதை நாம் தனியே குறித்துவைத்து, வந்தவர்களோடு ஒப்பிட்டால் விடுபட்ட இடம் தெரியும். பேருந்துப் பத்தியில் ஒரு மாதம் முழுக்க ஆளே இல்லை என்றால், மலையிலிருந்து கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று விசாரித்து, நடை அதற்கு அரைமணி முன்னால் முடியும்படி நேரத்தை மாற்ற வேண்டும்.